கையுறை மறுத்தல்

வலது கையின் சுண்டு விரலும், அதையடுத்த மோதிர விரலில் பாதியும் மரத்துப் போனபோது எனக்கு முதலில் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக ஒரு கட்டுரையை முடிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். எழுதாமலிருக்க உடம்பே ஒரு காரணம் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பேனாவைப் பிடிப்பதில் சுண்டு விரலுக்குப் பங்கே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் எழுதுகிற கை தாளின்மேல் நகர்வது சுண்டு விரல் பக்கத்து விளிம்பில்தான். தாளைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த விளிம்பு. அங்கே ஸ்பரிசம் போய்விட்டால் எழுதுகிற தாள் வேறு யாருடைய தாளோ போலிருக்கிறது.

காரணம் சைக்கிள். அக்கா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. தடித்த டயர், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங், இருபத்தோரு கியர். மலையில் ஓட்டுவதற்கென்று செய்தது. வேதாரண்யத்தில் மலை கிடையாது. கோடியக்கரைக் காட்டில் ராமர் பாதம் இருக்கிற மணல்மேடுதான் எங்களுக்குத் தெரிந்த சிகரம். அங்கே நின்று ராமன் இலங்கையைப் பார்த்தான் என்பார்கள். அந்த மேட்டில் பாதத்தின் சுவடு வைத்துக் கும்பிடுகிறார்கள். கையின் சுவடு வைத்துக் கும்பிடுகிற இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மாலையில் வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை போய்த் திரும்புவேன். போக ஒரு பத்துப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும். தார் ரோட்டில் போனால் ஒன்றும் ஆகியிருக்காது. உப்பளத்து வரப்புகளில் இறங்கிவிடுவது என் வழக்கம். கோடையில் அந்தக் களிமண் காய்ந்து, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளமெல்லாம் அப்படியே கல்லாக இறுகிப்போயிருக்கும். ஹேண்டில்பாரில் ஊன்றிய உள்ளங்கைக்குள் ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடியாக வந்து சேரும். வழியெல்லாம் சீமைக்கருவேல் முள் வேறு. ஒருமுறை அதற்கு ஒதுங்கப் போய் விழுந்து இரண்டு உள்ளங்கையும் தோல் வழன்றது. எழுந்து, யோசிக்காமல், பக்கத்துப் பாத்தியில் கையை அலம்பினேன். வெந்த புண்ணில் என்கிற வழக்கு எதைப் பற்றியது என்று அன்றைக்குத் தெரிந்தது.

மரத்துப் போனதற்கு நாகப்பட்டினத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக அழுத்தி, அங்கே இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான வழி இருப்பதைக் காட்டினார். கயான் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1861-இல் அதை விவரித்ததால் அதற்கு அவர் பெயர். அந்த வழியாக ஒரு நரம்பு போகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது அதுதான். மணிக்கட்டைப் பின்பக்கம் மடித்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டு, மணிக்கணக்கில் அதிர்வு கொடுத்தால் அது மரக்காமல் என்ன செய்யும்? சைக்கிள்காரர்களின் வாதம் என்றே வைத்தியப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறதாம். கொஞ்ச நாள் ஓட்டாமலிருங்கள், ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், பிடிக்கிற இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள், நல்லதாக ஒரு கையுறை வாங்குங்கள் என்றார். முதல் மூன்றுக்கும் செலவில்லை. அதனாலோ என்னவோ, நான் நான்காவதை முதலில் செய்தேன்.

கையுறை என்ற பொருளோடு எனக்கு அதுவரை பரிச்சயமே கிடையாது. எங்கள் ஊரில் குளிர் இல்லை. கையுறை போட்டவர்களாக நான் பார்த்தது பிரசவ அறை நர்ஸ்களையும், சினிமாவில் வில்லனையும்தான். கடைக்குப் போய், எது தடிமனாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்ற எளிய சித்தாந்தத்தோடு, உள்ளங்கை முழுக்க ஜெல் மெத்தை வைத்துத் தைத்த ஒரு ஜோடியை வாங்கினேன். விரல் பாதியோடு நிற்கிற ரகம். போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருந்தது. அப்போது கையில் ஹேண்டில்பார் இல்லை என்பதை நானும் நினைக்கவில்லை, கடைக்காரரும் நினைவுபடுத்தவில்லை.

ஒரு வாரத்தில் முன்கையில் வலி ஆரம்பித்தது. மெத்தை தடிமனாக இருந்தால் பிடி பருத்துப் போகிறது. பருத்த பிடியை விரல் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் முன்கை களைக்கிறது. அதோடு, மெத்தை நேராக அந்த ஒடுக்கமான வழியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நரம்பைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக அதை அழுத்திக்கொண்டிருந்தது. மெத்தை இருக்க வேண்டியது நரம்புக்கு இரண்டு பக்கமும் உள்ள சதையின்மேல். நரம்பு போகிற இடம் பள்ளமாக விடப்பட்டிருக்க வேண்டும். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால், நன்றாகச் செய்த உறையில் அந்தப் பள்ளம் ஒரு வாய்க்கால் போலத் தெரியும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நம்மிடையே வருகிற சில கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகள் ஞாபகம் வந்தன. எங்கே படாமல் விட வேண்டுமோ அங்கேதான் மெத்தை வைக்கிறோம்.

பிறகு கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் விசாரித்தேன். மலை சைக்கிள் என்கிற சங்கதியே கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், 1970களில் தொடங்கியது. தமல்பாய்ஸ் மலையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சில இளைஞர்கள் 1930, 40களின் பழைய கனமான சைக்கிள்களைத் தேடியெடுத்து, காட்டுத் தீயணைப்புக்காகப் போட்ட மண் ரோட்டில் மேலிருந்து கீழே உருட்டிவிட்டுப் பார்த்தார்கள். 1976 அக்டோபரில் அதைப் பந்தயமாக்கினார்கள். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் முழுவதும் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் அவர்கள் கையைப் பாருங்கள். ஜீன்ஸும் பூட்ஸும் போட்டு, கையில் கட்டட வேலைக்காரர்களும் பண்ணையாட்களும் போடுகிற தோல் உறை. மலை சைக்கிளுக்கென்று தனியாகக் கையுறை தைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

எனக்கு இது ஒரு சின்ன விஷயமாகப் படவில்லை. உழைக்கிற கைக்கு என்று உண்டானதை விளையாடுகிற கை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகு அதைச் செம்மையாக்கியது. மாட்டுத் தோலுக்குப் பதிலாக, ஜப்பானில் 1960களில் வந்த செயற்கைத் தோலின் வம்சத்தைச் சேர்ந்த மெல்லிய துணி வந்தது. புறங்கைக்குக் காற்றுப் போகிற வலைத்துணி. கட்டை விரலின் பின்பக்கம் வியர்வையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு டவல் துணி. மணிக்கட்டில் வெல்க்ரோ. அதைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் த மெஸ்த்ரால் 1941-இல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது தன் நாயின் முடியிலும் உடுப்பிலும் ஒட்டியிருந்த காய்களை உருப்பெருக்கியில் பார்த்ததில் அந்த யோசனை வந்ததாம். நம் வேலியோர நாயுருவி இத்தனை காலமாக வேட்டியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. நாம் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

இரண்டாவது ஜோடியை அளவெடுத்து வாங்கினேன். எப்படி என்று சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவலாம். கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிக்கணுவை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி ஒரு நூலைப் பிடிக்க வேண்டும். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறோமோ அந்தக் கை. நூலை ஸ்கேலில் வைத்தால் அதுதான் அளவு. எனக்கு இருபத்தொன்று சென்டிமீட்டர். போட்டுப் பார்க்கும்போது கையை விரித்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, மடக்கிப் பார்க்க வேண்டும். முஷ்டி பிடித்தால் புறங்கைத் தையல் இழுக்கக் கூடாது. எதையாவது பற்றிப் பிடித்தால் உள்ளங்கையில் துணி மடியக் கூடாது. மடிந்த துணி ஒரு மணி நேரத்தில் கொப்புளம். விரல் இடுக்கில் துணி தொய்ந்து நிற்கக் கூடாது. நுனியில் நகத்துக்கு மேல் கொஞ்சம்கூட வெற்றிடம் கூடாது. இருந்தால் பிரேக்கைத் தேடுகிற விரல் முதலில் துணியைத்தான் தொடும். உள்ளங்கையில் தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முள்ளும் மணலும் உள்ள வழிக்கு முழு விரல் வேண்டும், தார் ரோட்டுக்கு அரை விரல் போதும். எங்கள் வெயிலுக்குக் கறுப்பு நிறம் வேண்டாம்.

மெத்தையைப் பற்றி என் அபிப்பிராயம் தலைகீழாக மாறிவிட்டது. மெல்லிய உறைதான் நல்ல உறை. உள்ளங்கைக்கு வருகிற செய்தியை அது நிறுத்தக் கூடாது. முன்சக்கரம் மணலில் புதைகிறதா, களிமண்ணில் வழுக்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிகிறது. அதைத் தெரியவிடாத உறை விழும்போது காப்பாற்றலாம். ஆனால் விழவைப்பதும் அதுதான்.

இந்த இரண்டாவது ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரு மாலை அகஸ்தியம்பள்ளி வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது அக்காவைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றால், அவள் அங்கே இருப்பாள் என்பது தெரியாமலில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து உப்பளத்துக்குப் போகிறாள். அப்பா போன பிறகு அவள் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அங்கிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ரயிலேறி மேலே படிக்கவும் போனேன். இந்தப் பத்திரிகை மாதிரியான பத்திரிகைகளுக்கு முதல் சந்தா கட்டியது அவள் கூலியில்தான். இதையெல்லாம் நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதினால் நன்றாக வந்துவிடுமோ என்கிற பயம்.

உப்பு வாரி முடிகிற நேரம். நீண்ட மூங்கில் பிடி போட்ட பலகையால் பாத்தியின் அடியில் உறைந்ததை வரப்போரமாக இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். கடல் தண்ணீர் உப்புமானியில் சுமார் மூன்று டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு பூக்கும். முப்பதை எட்டுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். உப்புமானி எல்லாம் அளத்துக்காரர்களிடம் இருக்கிறது. அக்கா தண்ணீரில் விரலை நனைத்து, கட்டை விரலோடு தேய்த்துப் பார்ப்பாள். வழவழப்பில் அவளுக்குத் தெரியும். "இது கசப்புத் தண்ணி, வடிச்சுட வேண்டியதுதான்" என்பாள்.

நான் சைக்கிளை நிறுத்தினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"என்னடா தம்பி, கையில அடிபட்டுடுச்சா?"

கட்டுப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை, உறை என்றேன். எதுக்கு என்றாள். சைக்கிள் பிடிச்சா கை வலிக்குது என்றேன். சொல்லும்போதே, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "வலிக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நான் செய்த காரியத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். முழங்கை வரைக்கும் வருகிற தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அளவெடுக்கவில்லை. பெண்களுக்கான அளவு என்று கேட்டு வாங்கினேன். எனக்கென்றால் நூல் பிடித்து அளந்து, மடக்கிப் பார்த்து, மூன்று கடை ஏறி இறங்கி வாங்குகிறவன், அவளுக்கு வாங்கும்போது எது தடிமனோ அதுதான் நல்லது என்ற பழைய சித்தாந்தத்துக்குத் திரும்பிவிட்டேன். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒருநாள் போட்டுப் பார்த்தாள். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். குறையென்று சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் சொன்னாள். உள்ளே வியர்த்து ஊறிப்போகிறது. குனிகிறபோது மேல்விளிம்பு வழியாக உப்புத் தண்ணீர் இறங்குகிறது. இறங்கியது வெளியே வர வழியில்லை. மத்தியானத்துக்குள் அது உள்ளேயே உப்பாகக் காய்ந்து, தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே மணலாகத் தேய்க்கிறது. ஈரப் பிடியில் ரப்பர் வழுக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் எப்படி இருக்கிறதென்று கைக்குத் தெரியவில்லை.

"வேணாம்டா. எனக்குக் கையிலயே இருக்கு" என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

பழந்தமிழில் கையுறை என்றால் கைக்குப் போடுகிற உறை அல்ல. கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற காணிக்கை, பரிசு. தலைவன் தழையோ பூவோ கொண்டுவந்து நீட்ட, தோழி வேண்டாமென்று சொல்வதற்குக் கையுறை மறுத்தல் என்றே ஒரு துறை இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டே அந்தத் துறைதான். அவன் நீட்டுவது காந்தள் பூ. அவள் சொல்லும் பதிலின் சாரம், எங்கள் குன்றிலும் இது நிறைய இருக்கிறது என்பதுதான். இந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இரண்டு கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். குறிப்பு, இறைச்சி, முருக வழிபாடு என்று என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, கொடுக்க வந்தவனைப் பார்த்து, நீ எங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வந்துவிட்டாய் என்றும் சொல்கிறார் என்பது புலப்பட்டதில்லை. இத்தனைக்கும் வேதாரண்யம் பக்கத்து மணல் பூமியில் காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்று மருந்துக்காகப் பயிர் செய்கிறார்கள். பாட்டில் உள்ள பூ என் வீட்டுக்குப் பின்னாலேயே பூத்துக்கொண்டுதான் இருந்தது.

மறுப்பது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து, 28-இல் வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானதைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அங்கே ஸ்தூபி இருக்கிறது. ஆனால் ஊரில் இன்றைக்கும் ரசித்துச் சொல்கிற கதை வைரப்பன் என்ற நாவிதருடையது. சத்தியாகிரகிகளை அடித்த போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தவர். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவர் போலீஸ்காரர் என்பது பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். மீதியைச் செய்யச் சொல்லி மிரட்டியும் செய்யவில்லை. வழக்குப் போட்டார்கள், சிறைக்குப் போனார். அவருக்கும் இங்கே நினைவுத்தூண் உண்டு. நடந்து வந்தவர்களின் கால்களை நாடே அறியும். ஒரு கை செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தியது என்பதற்காக ஒரு தூண் வைத்த ஊர் இது. அந்த ஊரில் பிறந்தும், அக்கா வேண்டாம் என்றபோது, பாவம், விவரம் தெரியாதவள் என்றுதான் என் மனசுக்குள் முதலில் ஓடியது.

கையுறையைப் பராமரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அதில்தான் எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது.

வியர்வையில் இருப்பதும் உப்புதான். ஓட்டி முடித்துக் கழற்றி அப்படியே போட்டால் அது துணியில் காய்ந்து விறைக்கும். அடுத்த முறை போடும்போது உள்ளங்கை உப்புத்தாள் போல உராயும். தையல் நூல் முதலில் அங்கேதான் இற்றுப்போகும். எங்கள் ஊரில் வியர்வையோடு காற்றிலிருந்தும் உப்பு சேர்கிறது. மக்னீசியம் கலந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே துவைக்காத உறை வேதாரண்யத்தில் ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. ராத்திரி கொடியில் கிடந்தது காலையில் நசநசவென்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடித்துவிடும். நான் சோப்புத்தூளில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, மொட்டை மாடி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் உள்ளங்கைத் துணி வெடித்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்த அக்கா கொடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படியாடா அலசுவாங்க? உப்பு எங்கயும் போகல பாரு" என்று எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முதலில் வெல்க்ரோவை மூடினாள். அந்தக் கொக்கிகள் துணியைப் பிறாண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, கையில் பட்டதும் தெரிந்துகொண்டாள். சோப்பு போடுவதற்கு முன்னால் வெறும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தாள். உப்பு சோப்பை நுரைக்க விடாது என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். பிறகு குளிக்கிற சோப்பைக் கையில் குழைத்துத் தடவி, கசக்காமல், உள்ளங்கைக்கு உள்ளங்கை தேய்த்தாள். திரும்ப மூன்று தண்ணீர். முறுக்கவில்லை. பழைய துண்டு ஒன்றில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்தாள். விரல் விரலாக உள்ளே வெளியே திருப்பி, திண்ணை நிழலில், காற்று வருகிற பக்கமாக வைத்தாள். மழைக்காலத்தில் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வை, ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றாள். பின்னாளில் படித்ததில், உறை செய்கிறவர்கள் சொல்கிற முறையும் கிட்டத்தட்ட இதுதான். இளம் சோப்பு, குளிர்ந்த தண்ணீர், பிழியாதே, வெயிலில் போடாதே, இஸ்திரி போடாதே, ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே.

விரலை வெளிப்பக்கம் திருப்புவதற்காக அவள் தன் கையை என் உறைக்குள் விட்டபோது அது பாதியோடு நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உறைக்குள் அவள் கை போகவில்லை. ஒரு நூலை எடுத்து வந்து அவள் கையை அளந்தேன். "எதுக்குடா" என்றாள், ஆனாலும் கையைக் கொடுத்தாள். இருபத்தொன்றரை. என்னுடையதைவிட அரை சென்டிமீட்டர் கூடுதல். கணுக்கள் தடித்து, உள்ளங்கை முழுவதும் மஞ்சளாகக் காய்ப்புக் காய்த்து, விரல் ரேகையில் வெள்ளையாக வெடிப்பு ஓடி, அது உள்ளதிலேயே தடிமனான கையாக இருந்தது. பெண்களுக்கான அளவு என்று நான் கேட்டு வாங்கியதை அவள் எப்படி ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்தாள் என்று இப்போதுதான் யோசித்தேன். சின்னதாக இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்லவேயில்லை.

மறுபடி வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் என்னை உப்பளத்துக்குக் கூட்டிப் போய்த் தன் பலகையைக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் அதை நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. மூங்கில் பிடியில், அவள் கை பிடிக்கிற இரண்டு இடத்தில் மட்டும், பழைய நூல் புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தாள். மேல் கைக்கு மெல்லிசாக, கீழ்க் கைக்குக் கொஞ்சம் தடிமனாக. ஈரமானால் வழுக்காது, நைந்துபோனால் அவிழ்த்து வேறு சுற்றிக்கொள்ளலாம். உறையை அவள் கைக்குப் போடவில்லை, பிடிக்குப் போட்டிருந்தாள். கை அப்படியே இருக்கிறது, தண்ணீர் தெரிகிறது.

டாக்டர் சொன்ன முதல் மூன்று யோசனைகளுக்கு நான் போனது அதற்குப் பிறகுதான். ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தினேன். பழைய ரப்பர் பிடியைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையின் வெளி விளிம்பு ஊன்றிக்கொள்ள அகலமாகச் சிறகு வைத்த பிடி போட்டேன். பிரேக்கை, மணிக்கட்டு மடங்காமல் விரல் எட்டுகிற கோணத்துக்குத் திருப்பினேன். சுண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்ப நான்கு மாதமாயிற்று. கையுறை இப்போதும் போடுகிறேன். முள்ளுக்கு அது வேண்டும், விழுந்தால் வேண்டும். ஆனால் மரத்துப் போன விரலைத் திருப்பிக் கொடுத்தது பெரும்பாலும் பிடிதான் என்று நினைக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து, பாத்தியெல்லாம் சேறாயிற்று. அதற்குப் பிறகும் அக்கா சில வருஷம் போனாள். பிறகு மூட்டு வலியால் நின்றுவிட்டாள். நின்று ஆறேழு மாதத்தில் அவள் உள்ளங்கை உரிய ஆரம்பித்தது. காய்ப்பு பட்டை பட்டையாகக் கழன்றது. நான் பயந்துபோய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். "ஒண்ணுமில்லடா, வேலை இல்லன்னா அது தானா போயிடும்" என்றாள். உள்ளே இளஞ்சிவப்பாக, யாருடையதோ போல ஒரு கை இருந்தது. துணி பிடிக்காமலே சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தவள், ஒருநாள் டீ டம்ளரை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தாள். சுடுது என்றாள். அவள் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்றரை அளவில், மெல்லியதாக, அதற்கு முன்பே ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். கொடுக்கவில்லை. இனிமேல் அந்த அளவு அவளுக்குச் சரியாக இருக்காது. என் உறையைத் துவைக்கிற அன்றைக்கு அதையும் எடுத்து, இரண்டு தண்ணீரில் முக்கி, துண்டில் சுருட்டி, திண்ணை நிழலில் வைக்கிறேன். யாரும் போடாததற்கு எதற்குத் தண்ணீர் என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தக் காற்றில் போடாததிலும் உப்பு ஏறுகிறது.